கிணற்றுத் தண்ணீரின் எடை

அக்கா வீட்டு ஸ்டவ்வில் எந்நேரமும் ஒரு குண்டான் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குடிக்கிற தண்ணீர் என்று பெயர். வீட்டில் இருந்ததோ அக்காவும் அத்தானும் மட்டும். இரண்டு பேர் ஒரு நாளைக்கு எவ்வளவுதான் குடித்துவிட முடியும்? காலையில் போனாலும் கொதிக்கும், சாயங்காலம் போனாலும் கொதிக்கும். மேலே மூடிய அலுமினியத் தட்டு ஆவியில் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. என் வீட்டில் எதையும் மூடி வைத்துச் சமைப்பதில்லை. "மூடி வெச்சா சீக்கிரம் வேகும், கெமிஸ்ட்ரி படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்பார் என் வீட்டுக்காரர். தெரியும், தெரிந்துதான் திறந்து வைத்திருக்கிறேன், போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று விரட்டிவிடுவேன்.

நாங்கள் ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எங்கள் லைனில் ஒரு வீட்டில் கோயம்புத்தூர், அடுத்த வீட்டில் தஞ்சாவூர், அதற்கடுத்து தர்மபுரி. எல்லா வீட்டுக்கும் ஒரே நிறத்தில் கதவு. பின்பக்கம் ஒரு ஓடை. எங்கள் லைன், பக்கத்து லைன், அதைத் தாண்டிப் புதிதாக முளைத்த நகர்கள், எல்லாருடைய கழுவின தண்ணீரும், கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிவதும் அந்த ஓடையில்தான் போகும். எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கண்ணை விட்டுப் போனால் சரி. சின்ன வயதில் நானும் அக்காவும் அதில் காகிதக் கப்பல் விட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறோம்.

ஒரு கோடையில் லைன் முழுக்க மஞ்சள் காமாலை வந்தது. தஞ்சாவூர் வீட்டு மாமா பிழைத்ததே பெரிய பாடு. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸ் பெண்களுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது பூஜை மாதிரி ஆகிவிட்டது. அதிலும் எங்கள் அம்மா ஒரு படி மேலே. குமிழி வந்ததும் இறக்கினால் அவளுக்கு மனசு ஆறாது. "நல்லா வத்தட்டும்ட்டி. இருக்குற சனியனெல்லாம் சாவட்டும்" என்பாள். குண்டானில் தண்ணீர் பாதிக்கு வந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை.

அத்தான் பாக்டரியில் அப்பா வேலை பார்த்த ஷாப்பில் அப்ரண்டிஸாக வந்தவர். கூவம் ஆற்றை ஒட்டி, பூந்தமல்லிப் பக்கமாக இருந்த ஒரு பழைய ஊர்க்காரர். பரம்பரையாக நெல் போடுகிற குடும்பம். அக்காவுக்கும் அவருக்கும் எப்போது பேச்சு ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது; தெரிந்தபோது அக்கா அவரைத்தான் கட்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஒரு மாசம் வாயே திறக்கவில்லை. அப்புறம் இறங்கி வந்தார். அம்மாவுக்குக் கவலையெல்லாம் சாதியும் இல்லை, சொத்தும் இல்லை, தண்ணீர்தான். "கொழாய்கூட இல்லாத ஊராமே" என்று புலம்பினாள். "கெணறு கீது அத்த. சும்மா எளநி மாரி இருக்கும்" என்று அத்தான் சிரித்தார். கிணறு வீட்டுக்குப் பின்னால், ஆற்றங்கரையிலேயே இருந்தது. கிணற்றுக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அவர்கள் வயல். உழவுக்கு வாடகை டிராக்டர் வரும், மாடு கிடையாது. கக்கூஸும் கிடையாது, தலைப் பிரசவத்துக்கு வந்த அக்கா அதைத்தான் முதல் குறையாகச் சொன்னாள்.

பெண் குழந்தை. எங்கள் வீட்டில் மூன்று மாதம் கொழுகொழுவென்று இருந்தது. அக்காவுக்குப் பால் போதவில்லை, டின் பவுடர்தான். நான் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொள்வேன். என் தாவணி முழுக்கப் பால் வாடை அடிக்கும். மூன்றாம் மாதம் முடிந்து புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது அம்மா சீர் வைத்தாள். வெள்ளிக் கொலுசு, தூளிச் சேலை, பவுடர் டின்கள், கூடவே தண்ணீர் கொதிக்க வைக்கப் புத்தம் புதுசாக ஒரு அலுமினியக் குண்டான். வாசலில் நின்று கடைசியாகச் சொன்னதும் அதைத்தான். "ஏட்டி, கெணத்துத் தண்ணிய அப்படியே கலக்கிராதே. நல்லா வத்த வெச்சுக் குடு, கேட்டியா?"

அக்கா சொன்னபடி செய்தாள். அவள் எப்போதும் சொன்னதற்கு மேல் ஒரு மடங்கு செய்பவள்.

சில வாரங்களில் குழந்தையின் உதடு நிறம் மாறியது. பிறகு நகம். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, அழுகைகூட இல்லை. ஈயம் பூசியது போல் ஒரு நீலம் மட்டும் மெல்ல ஏறியது. பார்த்துப் பார்த்து இன்னும் பால் கரைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அங்கே எடுத்த ரத்தம் சிவப்பாகவே இல்லை, காப்பிக் கலரில் இருந்தது என்றாள் அக்கா. அன்றே போய்விட்டது. பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள் இல்லையா, ஆற்றங்கரைப் பனைமரத்தடியில் அத்தானே குழி வெட்டிப் புதைத்தார்.

ஊரில் பேசினார்கள். உச்சி வெயிலில் அக்கா குழந்தையோடு ஆற்றங்கரை வழியாக வந்தாளாம், காத்து கருப்பு அடித்துவிட்டதாம், அதனால்தான் அந்த நீலமாம். பேசுகிற வாய்க்கு எது வேண்டும்? துக்கத்துக்கு வந்த கூட்டம் கூடத்தில் உட்கார்ந்து இதையே மென்றுகொண்டிருந்தபோது, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அத்தான் எல்லார் முன்னாலும் நின்றார்.

"காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. கெணத்துத் தண்ணில யூரியா உப்பு எறங்கிக்கிது. அது கொயந்த ரத்தத்தக் கெடுத்துட்சி. வயலுக்கு யூரியா போட்டது நான்தான்" என்றார்.

அக்கா தலையைத் தூக்கி, "நீயா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

அந்த "நீயா"தான் அவரிடம் அவள் நேராகப் பேசிய கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். "சோறு வெச்சிருக்கு" என்று சுவருக்குச் சொல்வாள். அவர் வந்து போட்டுக்கொண்டு சாப்பிடுவார். அத்தான் அந்த நிலத்தில் அதற்குமேல் கால் வைக்கவில்லை. ஒரு பிடி யூரியா இல்லை, ஒரு விதை இல்லை, எல்லாம் கருவேலமாகிப் போனது. குமணன்சாவடியில் தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் போடுகிற ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அமாவாசைக்கு அமாவாசை உச்சி வேளையில் அந்தப் பனைமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அக்கா ஒருநாளும் கூடப் போனதில்லை. நானும் அந்த மனுஷனை மன்னிக்கவில்லை. எதிரே பார்த்தால் வெறும் தலையாட்டல்தான். நாலு மூட்டை நெல்லுக்காகக் குழந்தையைக் கொன்றவன் என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினேன்.

அக்காவின் குண்டான் மட்டும் நிற்கவே இல்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஸ்டவ்வை அணைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"சத்தம் நின்னா அழுகை கேக்குதுடி" என்றாள். "அது சாவும்போது அழவே இல்ல. இப்பத்தான் அழுவுது." தட்டைச் சரியாக மூடிவிட்டு, "இன்னும் கொஞ்சம் கொதிக்க விட்டிருந்தா அந்த யூரியா போயிருக்குமோ?" என்று கேட்டாள்.

"அது உப்புக்கா. உப்பு கொதிச்சா போவாது. நீ என்ன பண்ணியிருந்தாலும் போயிருக்காது" என்றேன். சமாதானம் சொல்கிறேனாம். 

தொண்ணூறுகளில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். கூவத்தில் நைட்ரேட், அதாவது குழந்தையின் ரத்தத்தைக் கெடுத்த அதே உப்பு, எங்கிருந்து வருகிறது, வயலிலிருந்தா, சாக்கடையிலிருந்தா என்று பார்ப்பதுதான் எனக்கு வந்த வேலை. எங்கள் கைடு அதிகம் பேசாத மனிதர். தலைப்பைச் சொன்னபோது என் முகம் போன போக்கைப் பார்த்து, "ஏன், ஆத்து நாத்தம் ஒத்துக்காதா?" என்று கேட்டார். ஒத்துக்கும் சார் என்றேன்.

வித்தை சிக்கலானது இல்லை. நைட்ரஜனில் இரண்டு வகை உண்டு. ஒன்று துளி லேசு, ஒன்று துளி கனம். குணம் ஒன்றுதான், எடையில்தான் வித்தியாசம். எத்தனை காலமானாலும் ஒன்று இன்னொன்றாக மாறாது. யூரியாவைக் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத்தான் செய்கிறார்கள். அதனால் காற்றில் கனமும் லேசும் எப்படிக் கலந்திருக்கிறதோ, ஏறக்குறைய அப்படியேதான் யூரியாவிலும் இருக்கும். மனுஷன் தின்று கழித்தது வேறு. அது தொட்டியிலும் ஓடையிலும் கிடக்கும்போது லேசானது அம்மோனியா வாடையாகப் பறந்துவிடும், கனமானது தங்கிவிடும். பள்ளிக்கூட மணி அடித்ததும் பொடிசுகள் முதலில் ஓடிவிடுகிற மாதிரி. மிச்சமிருக்கும் கனத்தைக் காற்றோடு ஒப்பிட்டு மிஷின் ஒரு எண்ணைக் காட்டும். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் யூரியா. பத்தைத் தாண்டினால் சாக்கடை அல்லது மாட்டுச் சாணம்.

ஆற்றில் இடம் இடமாகத் தண்ணீர் எடுத்தேன். திட்டத்தில் இல்லாமல், அக்கா வீட்டுக் கிணற்றிலும் ஒரு கேன் எடுத்தேன். ராட்டினம் கிறீச்சிடுவதைக் கேட்டு அக்கா பின்பக்கம் வந்தாள்.

"இன்னாத்துக்குடி?"

சொன்னேன். கனம், லேசு, மிஷின் எல்லாம் சொன்னேன். அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அவரு போட்டதா, இல்லியான்னு தெரிஞ்சிடுமா?"

"தெரியும்."

"அப்பா ரிட்டயராகி ஊருக்குப் போறாரு. கூட வந்துரு, உனக்கு இங்க என்ன இருக்குன்னு கூப்புட்றாங்க" என்றாள். "அவரு வாயால சொன்னதுதான். ஆனா இத்தினி வருசமா அந்த நெலத்துப் பக்கமே போவாத மனுசன் மொகத்தப் பாத்தா எனக்குச் சந்தேகமா கீது. அவருதுதான்னா நான் அப்பாவோட போயிட்றேன். திரும்ப மாட்டேன். இல்லன்னா இங்கியே கெடக்கேன். யாருதுன்னு கண்டுபுட்ச்சிக் குடுடி."

அத்தானுடையதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயம். அப்படியே இருக்கட்டும், அக்கா இந்த வீட்டை விட்டுத் தொலையட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். கேனைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வழியாக வந்தபோது நல்ல உச்சி வெயில். ஒரு காக்காய்கூட இல்லை. பனைமரத்தடியில் அத்தான் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். அன்று அமாவாசை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். காது கொடுத்தேன். காலையில் ஷெட்டுக்கு வந்த லாரியைப் பற்றி, அது எந்த ஊர் வண்டி, என்ன ஏற்றி வந்தது என்று மண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே பதில் வந்ததுபோல் "ஆமா", "ஆமா" என்று தலையாட்டினார்.  கேன் தண்ணீர் தளும்பி என் காலில் வழிய, திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு ஓடினேன்.

லேபில் முதல் வேலை தண்ணீரைச் சுண்ட வைப்பது. அப்போதைய மிஷினுக்கு நைட்ரஜன் நிறைய வேண்டும். அதனால் லிட்டர் லிட்டராக ஹாட் பிளேட்டில் காய்ச்சி வற்ற வைத்து, பிறகுதான் மற்றவை. அக்கா வீட்டுத் தண்ணீரை பீக்கரில் ஊற்றி, தூசி விழாமல் ஒரு கண்ணாடித் தட்டைப் போட்டு மூடினேன். கொதி வந்ததும் தட்டு கடகடவென்று ஆட ஆரம்பித்தது.

பக்கத்து மேஜையில் வேலை செய்த அம்பத்தூர்ப் பெண், "எதுக்கு இவ்ளோ நேரம் காச்சுற?" என்று கேட்டாள்.

"தண்ணி மட்டும்தான் ஆவியாப் போவும், நைட்ரேட் போவாது. பாதியா வத்துனா நைட்ரேட் ரெண்டு மடங்கு" என்றேன்.

 தட்டு ஆடிக்கொண்டிருந்தது. பீக்கரில் தண்ணீர் சரியாகப் பாதிக்கு வந்திருந்தது. எனக்கு அம்மாவின் குரல் கேட்டது, வாசலில் நின்று சொன்னது. அக்கா அந்தப் புதுக் குண்டானைப் பாதி வற்றும்வரை காத்திருந்து, ஆற வைத்து, பவுடர் கலந்து, மடியில் போட்டு ஊட்டியது கண்ணுக்கு முன்னால் வந்தது. உப்பு போகாது என்று அக்காவிடம் நான்தானே சொன்னேன்? போகாத உப்பு பிறகு என்ன ஆகும் என்று அன்றைக்கு என் புத்திக்குத் தோன்றவே இல்லை. ஐயோ என்று கத்தியேவிட்டேன். கை சுட்டுடுச்சா என்று ஓடி வந்தாள் அந்தப் பெண். ஆமாம் என்றேன்.

ஆனாலும் தண்ணீரைக் கெடுத்தது அத்தானின் யூரியாதானே, வற்ற வைத்தது அதற்குப் பிந்தியதுதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். காய்ச்சி எடுத்த உப்புகளைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து, வடக்கே அந்த மிஷின் இருந்த ஊருக்கு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆறு வயல்களுக்கு நடுவே ஓடுகிற மேல்பகுதியில் எடுத்த தண்ணீரெல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. குவார்ட்டர்ஸ் ஓடை ஆற்றில் விழுகிற இடம்வரை எண் ஏறவே இல்லை; விழுந்த இடத்துக்குக் கீழே எண் மளமளவென்று ஏறியது. கடைசியாக, அதற்கும் கீழே இருந்த அக்கா வீட்டுக் கிணறு. பத்தைத் தாண்டிப் போய் நின்றது.

இரண்டாம் தடவை ஓட்டச் சொன்னேன். அதே எண்தான்.

மாடு இல்லாத வீடு, கக்கூஸ் இல்லாத வீடு. இத்தனை வருஷம் யூரியா படாத நிலம், ஆனாலும் கிணற்றில் நைட்ரேட் குறையவில்லை. ஒரே ஒரு கிணற்றை வைத்து அன்றைக்கு நடந்ததைச் சத்தியம் பண்ண முடியாது என்று கைடு பிறகு சொன்னார். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அத்தான் இல்லை. நாங்கள் காகிதக் கப்பல் விட்ட ஓடை. ஆற்றில் விழுந்து, கரை மண்ணில் ஊறி, அந்தக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது எங்கள் வீட்டுத் தண்ணீர்தான். அக்காவைக் கட்டிக்கொடுத்து அனுப்பின பிறகும் எங்கள் கழிவு அவளை விடாமல் பின்னாலேயே போயிருக்கிறது.

ஊர் திரும்பியதும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. முதலில் குமணன்சாவடியில் இறங்கினேன். இத்தனை காலம் திட்டித் தீர்த்த மனுஷனுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு வேகம். ரப்பர் கருகுகிற வாடைக்கு நடுவே கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு அத்தான் வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். "உங்க யூரியா இல்ல அத்தான். சாக்கடை. எங்க குவார்ட்டர்ஸ் சாக்கடை."

சந்தோஷப்படுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அவகிட்ட சொல்ட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதம்மா. யூரியான்னே சொல்லிடு."

"என்ன அத்தான், பைத்தியமா உங்களுக்கு? யூரியான்னு சொன்னா அக்கா எங்கப்பாகூடக் கெளம்பிடுவா. திரும்ப மாட்டா."

"போனா போவட்டும். போற எடத்துல நிம்மதியா தூங்குவா" என்றார். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "அன்னிக்கி டாக்டரு யூரியான்னு எங்க சொன்னாரு? எருவோ சாக்கடையோ, எதுவோ எறங்கிக்கிதுன்னாரு. அதுக்கப்றம் கேட்டாரு, தண்ணிய எப்டிக் குடுத்தீங்கன்னு. நல்லாக் கொதிக்க வெச்சி, பாதியா வத்த வெச்சிக் குடுத்தோம் சார்னு பெருமையாச் சொன்னேன். அவரு தலைல கைய வெச்சிக்கினாரு. அய்யோ, வத்த வெச்சதாலதான்யா வெசம் ரெட்டிச்சிப் போச்சி, அப்டியே குடுத்திருந்தாகூடப் பொழச்சிருக்கும்னாரு. அத்த நான் எப்டிம்மா அவகிட்ட சொல்வேன்? அவ கையாலதான் போச்சின்னு சொன்னா அன்னிக்கே ஆத்துல எறங்கிருப்பா. வயல்ல யூரியா போட்டுக்கினுதான் இருந்தேன். நான்தான்னு சொல்ட்டேன். என்ன வெறுத்துக்கினாவது உசுரோட கெடக்கட்டும்னு."

 இவரையா நான் கொலைகாரன் என்றேன்? பஸ் கூட்டமும் ஹாரன் சத்தமும் எங்கோ தூரத்தில் கேட்டது. "சரி அத்தான், கொதிக்க வெச்சதப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றேன். "ஆனா நீங்க இல்லன்னு மட்டும் சொல்லிடறேன். அவ உங்களோட இருக்கட்டும்." அவர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து பஸ் ஏறிவிட்டேன். பாதி உண்மையைச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன்.

அக்கா அடுக்களையில் இருந்தாள். தட்டு கடகடத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்தாள்.

"யாருதுடி?"

"அத்தானுது இல்லக்கா."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் முகம் அப்படி இளகி நான் பார்க்கவில்லை. "அவருது இல்லியா? சத்தியமா இல்லியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, "அப்ப யாருது?"

"சாக்கடை. நம்ம குவார்ட்டர்ஸ் பின்னால ஓடுதே, அது."

"நம்ம ஊட்டுதா?" என்று சிரித்தாள், அழுகையோடு. "நாம கப்பல் வுட்டமே, அதா?" அந்த நிமிஷம் வாசலில் சைக்கிள் சாய்க்கிற சத்தம். வேலையை விட்டுவிட்டு அத்தான் என் பின்னாலேயே மிதித்துக்கொண்டு வந்திருந்தார். அக்கா வாசலைப் பார்த்தாள், எழுந்தாள், அவரிடம் போகப்போகிறாள் என்று நினைத்தேன். பாதியில் நின்றுவிட்டாள்.

"இரு. யூரியான்னா உப்பு, கொதிச்சாலும் போவாதுன்ன. சாக்கடைன்னா கொதிக்க வெச்சா செத்துடுமே? அதுக்குத்தானே அம்மா கொதிக்க வெக்கச் சொன்னா? நான் வத்த வத்தக் கொதிக்க வெச்சேனே. பாதியா ஆவுற வரிக்கும் பக்கத்துலியே நின்னேனே. அப்புறம் எப்டிடி?"

இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் கண் குண்டான் பக்கம் போனது. தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. அத்தான் உள்ளே ஓடி வந்தார்.

"அது மிஷினு. மிஷினுக்கு இன்னா தெரியும்? யூரியாதான். நான் போட்டதுதான். நீ உங்கப்பாகூடப் போ" என்று கத்தினார்.

அக்கா அவரைப் பார்த்தாள். சுவரை இல்லை, அவரை. என்னைப் பார்த்தாள். மறுபடி அவரை.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டாள்.

"இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது."

"டாக்டரு சொன்னாரா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கைலியைப் பிடித்த விரல்களில் டயர்க் கரி அப்பியிருந்தது.

அக்கா வெறும் கையால் தட்டை எடுத்தாள். சுட்டிருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை. குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பாதிக்கு வற்றியிருந்தது, ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து ஸ்டவ்வை அணைத்தாள். சத்தம் நின்றது. அந்த வீட்டின் நிசப்தத்தை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். குழந்தையின் அழுகை கேட்குமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கேட்டது என்பது பார்த்தாலே தெரிந்தது. அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தொடவில்லை, அவள்தான் அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போனார்கள். அக்கா போகவில்லை. அம்மாவிடம் நாங்கள் மூவரும் கடைசிவரை எதையும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு போனிலும், தண்ணியக் கொதிக்க வெச்சுத்தானே குடிக்கிறீங்க என்று கேட்பாள். ஆமாம்மா என்பாள் அக்கா.

அடுத்த அமாவாசைக்கு ஆற்றில் கடைசிச் சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். அதே உச்சி வெயில். பனைமரத்தடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். அத்தான் குந்தியிருந்தார். அக்கா ஒரு செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிட்டத்தில் போனேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. குனிந்து, கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீரை அந்த மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"கொதிக்க வெக்கலம்மா" என்றாள் மண்ணிடம். "குடி."